அக்கரைச் சம்பாத்தியமும் ஊர் மகமையும்



பொங்கல் நெருங்கிவிட்டால் எங்கள் சீர்காழிப் பக்கம் தெருவுக்கு இரண்டு மூன்று வெளிநாட்டுப் பெட்டிகள் வந்து இறங்கும். சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று பிள்ளைகள் லீவில் வருவார்கள். கோடாலித் தைலம் முதல் பால் பவுடர் வரை அக்கம் பக்கத்து வீடுகளுக்கும் பங்கு உண்டு. பெட்டி காலியாகும் வரை வீடு கலகலப்பாக இருக்கும். பிறகு பிள்ளை விமானம் ஏறிவிடுவான். மாதம் பிறந்தால் பணம் மட்டும் வரும்.

இப்படி வருகிற பணம் கொஞ்சநஞ்சமல்ல. 2022ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய தொகை 10,000 கோடி டாலரைத் தாண்டியது என்று உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. உலகத்தில் வேறு எந்த நாட்டுக்கும் அதற்கு முன் ஒரே வருஷத்தில் இவ்வளவு வந்ததில்லையாம்! இதில் பெரும் பகுதி எங்கே போய்ச் சேருகிறது? பெரிய பெரிய கம்பெனிகளுக்கு அல்ல. நம் கைக்குத்தான், அதாவது குடும்பம் நடத்தும் பெண்கள் கைக்கு. ஆகவே அந்தப் பணத்தால் ஊருக்கு என்ன நன்மை என்ற கேள்வியையும் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கொடு, ஊருக்குக் கொடு என்று பிள்ளைகளைப் பிய்த்து எடுப்பது என் நோக்கமல்ல. அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து, பாதிச் சமையல் பாதிப் பட்டினி என்று மிச்சம் பிடித்து அனுப்புகிறார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அடைக்கவே இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. பிறகு தங்கை கல்யாணம், அப்பாவின் வைத்தியம், மழைக்கு ஒழுகாத வீடு. இவை முடிந்த பிறகுதான் மற்றவை. தன் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வெளிச்சம் போடச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் கடன் அடைந்து, வீட்டுக்கு மாடியும் போட்டு, வாசலுக்கு டைல்ஸும் ஒட்டிய பிறகு? அப்போது அல்லவா ஊர் நினைவுக்கு வர வேண்டும்!

பழைய ஆட்கள் செய்த வழி

வெளிநாட்டுச் சம்பாத்தியம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1926ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். பிறகு 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடியது. 1985ல் அது தீப்பிடித்ததோடு அந்தப் பயணிக் கப்பலின் காலம் முடிந்தது. வயதானவர்களைக் கேட்டால் இன்றைக்கும் "கப்பலுக்குப் போனவரு" என்றுதான் சொல்வார்கள்.

அப்படி அக்கரை போனவர்களில் நகரத்தார்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மகமை என்று பெயர். பர்மா, இலங்கை, மலேயா என்று வாணிபம் நடத்தியவர்கள், லாபத்தில் தர்மத்துக்கென்று ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். மிச்சம் இருந்தால் கொடுப்பது என்பதல்ல. முதலிலேயே எடுத்து வைப்பது. நாம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவோமே, அதே மாதிரி!

அந்த மரபில் வந்தவர்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். எங்கள் ஊரிலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம். அங்கே அவர் 1920ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. 2013ல் அரசு அதன் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. வாணிபத்தில் வந்த பணம் பல்கலைக்கழகமானதால், எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் காலை பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு, விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு திரும்ப முடிந்தது. விடுதியில் விடப் பயப்படும் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம்!

காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியாரும் இப்படித்தான். மத்திய அரசின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தம் ஊருக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ல் நிலையம் திறக்கப்பட்டது.

இது நம் தமிழர்களுக்கு மட்டுமே உரிய குணம் என்றும் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. டான் கா கீ என்ற சீனர் பதினாறு பதினேழு வயதில் சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தவர். ரப்பரிலும் அன்னாசியிலும் சம்பாதித்தார். தாம் பிறந்த ஜிமெய் கிராமத்தில் 1913ல் பள்ளிக்கூடம் வைத்தார். பக்கத்து ஷியாமென் நகரில் 1921ல் பல்கலைக்கழகமே தொடங்கினார். வியாபாரம் நொடித்தபோதும் அதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்தவில்லை. தம்மால் இனி முடியாது என்ற நிலையில் 1937ல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்.

'அவர்கள் கோடீஸ்வரர்கள். நம் பிள்ளை கட்டடம் கட்டுகிற இடத்தில் கம்பி வளைக்கிறான். அவனால் என்ன முடியும்?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதற்கும் பதில் இருக்கிறது, அதுவும் நம் கடைமடையிலேயே!

பேராவூரணிப் பெரியகுளம்

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்ததை யார் மறக்க முடியும்? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பேராவூரணிக்கு அருகே நாடியம் என்ற ஊரைச் சேர்ந்த நிமல் ராகவன் துபாயில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர். புயலுக்குப் பிறகு நிவாரண வேலையில் இறங்கினார். நிவாரணம் முடிந்ததும் விமானம் ஏறவில்லை. 'தென்னை போச்சு, இனி நெல் போட வேண்டும் என்றால் தண்ணீர் வேண்டுமே' என்ற கேள்வி வந்தது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடம் அது. ஏரி இருந்தது, தண்ணீர் நிற்கத்தான் ஆழம் இல்லை.

ஊர் இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து 'கைஃபா' என்ற சங்கத்தை அமைத்தார்கள். 2019ல் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர் வாரத் தொடங்கினார்கள். அது 560 ஏக்கருக்கு மேல் பரந்த ஏரி! உள்ளூர்க்காரர்களும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். சுமார் 100 நாள் வேலை. கரையைப் பலப்படுத்தினார்கள், நடுவில் பறவைகளுக்கு மண் திட்டு வைத்தார்கள், மரக்கன்று நட்டார்கள். பிறகு அங்கிருந்து வேறு பல ஊர்களின் குளங்களுக்கும் அந்த வேலை பரவியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? ஒரே ஒருவர் கோடி கொடுக்கவில்லை. பலர் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். ஊரில் நின்று பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

எங்கள் சீர்காழிக்கே இந்தப் பாடம் தேவை. 2022 நவம்பர் 12ஆம் தேதி காலையில் எடுத்த கணக்குப்படி ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. நட்ட சம்பாப் பயிர் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. அன்றைக்கு அரிசி, போர்வை, மருந்து வாங்க என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்காமலே பணம் அனுப்பினார்கள்; அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும் சித்திரை, வைகாசியில் யாரும் பணம் அனுப்புவதில்லை, நாமும் கேட்பதில்லை. ஜுரம் வந்த பிறகு மாத்திரை வாங்குவதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது செலவு குறைவு என்று தாய்மார்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

ஆர்ச்சா, கழிப்பறையா?

எங்கள் புகுந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். சீர்காழிக்குக் கிழக்கே சின்ன கிராமம். என் ஓரகத்தி மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒருநாள் போனில், "சித்தி, நம்ம ஊருப் பசங்க பத்துப் பேர், ஆளுக்கு அம்பதாயிரம் போட்டு ஊர் முகப்புல ஒரு ஆர்ச்சு கட்டலாம்னு இருக்கோம். எல்லார் பேரையும் கல்வெட்டுல போட்டுடலாம்" என்றான்.

"நல்ல காரியந்தான் தம்பி. ஆனா ஆர்ச்சுக்குக் கீழ நடந்து போற பொண்ணுங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நாலைந்து பெண் குழந்தைகளை மாலையில் திண்ணையில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். கழிப்பறை இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே தண்ணீர் இல்லை. "அதனால நாங்க போறதே இல்ல பெரியம்மா. காலையில காப்பி குடிக்கறதோட சரி. தண்ணி குடிச்சா போவணும்ல? சாயந்தரம் வீட்டுக்கு வந்துதான் எல்லாம்" என்றாள் எட்டாம் வகுப்புப் பெண். தூரம் ஆன நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை என்று இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள்.

காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் உடம்பு என்னவாகும்? நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர் ஜுரம், மலச்சிக்கல். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்து கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும். உங்கள் பெண் பள்ளிவிட்டு வந்ததும் முதலில் கழிப்பறைக்கு ஓடுகிறாளா என்று கவனியுங்கள். தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். அதுவே அடையாளம்.

இதை அப்படியே அந்தப் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம தங்கச்சியும் அங்கதான சித்தி படிக்குது" என்றான். பிறகு அவர்களுக்குள் பேச்சு நடந்தது. பெயர் பொறிக்காத காரியத்துக்குப் பணம் தர இரண்டு பேருக்கு மனமில்லை, விலகிக்கொண்டார்கள். மற்ற எட்டுப் பேர் கொடுத்தது 4 லட்சம். தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கலந்துகொண்டு, மோட்டார், தண்ணீர்த் தொட்டி, கதவுகள், கை கழுவும் குழாய் என்று 2 லட்சத்து 60 ஆயிரத்தில் வேலை முடிந்தது.

மிச்சம் 1 லட்சத்து 40 ஆயிரத்தைப் பள்ளியின் பேரில் வங்கியில் டெபாசிட் போட வேண்டும் என்று நாங்கள் பெண்கள் பிடிவாதமாக நின்றோம். 7 சதவிகித வட்டியில் வருஷத்துக்கு 9,800 ரூபாய், மாதம் 800 ரூபாய் சொச்சம் வரும். பினாயில், விளக்குமாறு, குழாய் ரிப்பேர் எல்லாம் அதில் நடக்கிறது. சுத்தம் செய்யும் அம்மாவுக்கும் கையில் கொஞ்சம் கூடக் கொடுக்க முடிகிறது.

ஏன் அந்தப் பிடிவாதம் என்றால், பக்கத்து ஊர் ஒன்றில் வெளிநாட்டுப் பிள்ளைகள் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை, போட்டோ எல்லாம் அமர்க்களம். பில்டர் மாற்றுவது யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரே வருஷத்தில் அதன் மேல் ஒட்டடை! அம்மி வாங்கினால் மட்டும் போதாது, அவ்வப்போது கொத்தவும் வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே? ஊருக்குச் செய்யும் எந்தக் காரியத்திலும் கொத்துக் கூலியைச் சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும்.

பணம் வரும் வழி நேராக இருக்கட்டும்

நல்லது செய்யப் போய்ச் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது. சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர், வெளிநாட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பும் நன்கொடை சட்டப்படி 'வெளிநாட்டு நன்கொடை' ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், நம் ரத்த சொந்தமே ஆனாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவரிடம் ஓர் அறக்கட்டளையோ சங்கமோ நன்கொடை வாங்க வேண்டுமானால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020ல் செய்த திருத்தத்தின்படி பணம் முதலில் புது டில்லியில் உள்ள ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட நெருங்கிய உறவினர் நம் சொந்தச் செலவுக்கு அனுப்புவது வேறு. வருஷத்துக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்காமலே பெறலாம் என்று 2022ல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஊர்க் காரியத்துக்கு வரும் பணத்தை 'என் கணக்குலயே போட்டுடு, நான் எடுத்துக் குடுத்துடறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பின்னால் மனஸ்தாபமும் வரும், கேள்வியும் வரும்.

அரசாங்கத்திலும் சில வாசல்கள் திறந்திருக்கின்றன. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் மூலம் ஒருவர் எங்கிருந்தாலும் தான் படித்த அரசுப் பள்ளிக்கு உதவலாம். 'நமக்கு நாமே' என்று ஒரு திட்டம்; ஊர் மக்கள் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போட்டு வேலையை முடிக்கும் என்பது அதன் அடிப்படை. வேலைக்குத் தகுந்தபடி பங்கு மாறும். ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ நாட்டில் இதே மாதிரி, அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஊர்ச் சங்கத்தார் 1 டாலர் போட்டால் மூன்று அடுக்கு அரசுகளும் ஆளுக்கு 1 டாலர் போடும் என்று 2002 முதல் நடத்தினார்கள். எத்தனையோ கிராமங்களுக்கு ரோடும் குடிதண்ணீரும் அதனால் வந்தன. பிற்பாடு அரசு தன் பங்கை நிறுத்திவிட்டது. ஆகவே அரசின் பங்கையே முழுக்க நம்பி உட்காராமல், நம் கை இருப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்தபடியே நாம் செய்யக்கூடியவை

1. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில், கடன் தீர்ந்த வீடுகளில், நூற்றுக்கு ஒரு ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். அதுவே உங்கள் வீட்டு மகமை. பிள்ளையிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், அவன் சந்தோஷப்படுவான்.

2. 'என்ன செய்யலாம்?' என்று கேட்கும் பிள்ளைக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். அதை உபயோகிக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் என்றால் குழந்தைகளை, வாய்க்கால் என்றால் கடைசி வயல்காரரை.

3. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கூப்பிட்டால் 'எனக்கெதுக்கு' என்று நழுவாதீர்கள்.

4. கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள்தானே! சமையலை ஒரு மணி நேரம் முன்னாடியே முடித்துவிட்டால் ஆயிற்று.

5. வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, ரசீதோடு போட்டோ எடுத்து, கொடுத்தவர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? கணக்கு வந்தால்தான் அடுத்த தடவை பணம் வரும்.

6. லீவில் வருகிறவர்களிடம் பணம் மட்டும் கேட்காதீர்கள், தெரிந்ததையும் கேளுங்கள். குவைத்தில் நர்ஸாக இருக்கும் பெண் வந்தால், ஒரு மாலை கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். மின்சார வேலை பார்க்கும் பையன் வந்தால் பள்ளிக்கூடத்து ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

கோயில் திருப்பணிக்கும் கும்பாபிஷேகத்துக்கும் நம் பிள்ளைகள் தாராளமாகக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோயிலுக்கு வரும் குழந்தை ஆரோக்கியமாக இருக்க வேண்டும், அதன் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், நைவேத்தியத்துக்கு நெல் விளைய வேண்டும். இதுவும் திருப்பணியில் சேர்ந்ததுதான்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். இப்போது ஊரில் பாதிப் பேர் கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்கள் அங்கிருந்தே வடத்தைப் பிடிக்கட்டும். முட்டுக்கட்டை போட்டுச் சக்கரத்தைத் திருப்பிவிடும் வேலை இங்கே இருக்கும் நம்முடையது. உங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் உதவியால் நடந்த காரியம் ஏதேனும் இருந்தால், என்ன செலவு, யார் பராமரிக்கிறார்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள். மற்ற ஊர்ச் சகோதரிகளுக்கும் உபயோகமாக இருக்கும்.